சீனி ஓடு போட்ட வீடு

"கூரைக்கு என்ன போடுற தம்பி? ஓடா, கிடுகா?"

கேக் செய்கிற றோஸ் அக்கா கையில் பென்சிலோடு என்னைப் பார்த்தார். அவரது மடியில் ஒரு சவர்க்காரப் பெட்டியின் அட்டை இருந்தது. அதன் பின்பக்கத்தில் என் தங்கச்சி ஜெஸீமா எங்கள் வீட்டை வரைந்திருந்தாள். முன்னுக்கு இரண்டு தூண், நடுவில் பச்சைக் கதவு, பக்கத்தில் ஒரு ஜன்னல். கூரை இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வெறும் கோடு.

பாண்டிருப்பில் அவரது சமையலறை முழுக்க வனிலா வாசம். அடுப்படியில் ஒரு பூனை எங்களைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. கேக் செய்கிற வீட்டில் பூனை உலாவலாமா என்ற கவலை வேறு எனக்கு.

"ஓடு," என்றாள் ஜெஸீமா.

"என்ன நிறம் தங்கச்சி?"

"சிவப்பு. புது ஓட்டுச் சிவப்பு."

அக்கா அட்டையில் குறித்துக்கொண்டார். அவள் கலியாணத்துக்கு நாள் வைத்தாயிற்று. ஆனால் எங்கள் உண்மையான வீட்டின் தலையில் ஒரு ஓடு கூட ஏறவில்லை. தென்னோலை பின்னிய கிடுகுதான் கிடந்தது.

வாய் கொடுத்தவன்

தூரத்து வாசகர்களுக்காக ஒரு விளக்கம். கல்முனைக் கரையில் எங்கள் ஆட்களிடம் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே பெண்பிள்ளை பிறந்த வீட்டில் அன்றிலிருந்தே கல்லும் மண்ணும் பற்றிய பேச்சுத்தான். வாப்பா, அதாவது தகப்பன், இல்லாத வீட்டில் அந்தப் பேச்சு காக்கா என்கிற அண்ணனின் தலையில் விழும்.

எங்கள் வாப்பா மௌத்தாகும்போது நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. யாரும் போகாதே என்று சொல்லவும் இல்லை. ஒரு நாள் நெல் மில்லுக்குப் போனேன், அடுத்த நாளும் போனேன், அப்படியே ஆகிவிட்டது. போன கிழமை அந்த மில்லின் தவிட்டு மணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். வாசித்துவிட்டுத் தனக்குத் தும்மல் வந்ததாக ஒருவர் சொல்லி அனுப்பியிருக்கிறார். சந்தோஷம்.

ஜெஸீமாவின் வீட்டுக்குச் சுவர் எழும்பும்போது அவளே தண்ணீர் அள்ளி ஊற்றி நனைத்தாள். கல் சுமந்தாள். மேசன் அவளைப் பார்த்து, "பொண்ணுக்கு ஊடு கட்டுறதா, பொண்ணே ஊடு கட்டுறதா?" என்று பகிடி பண்ணுவார்.

மாப்பிள்ளை பொத்துவில் ஆள். பெயர் நவாஸ். பெண் பார்த்துப் போனபோது அவருடைய உம்மா, பொத்துவில் மாமி, சபையில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஊடு ஓட்டு ஊடுதானே?"

எனக்குப் பதிலாக வேறு யாராவது பேசியிருக்கலாம். வாப்பாவின் தம்பி, சாச்சா, பக்கத்தில்தான் இருந்தார். ஆனால் பயந்தவன்தான் முந்திக்கொண்டு பேசுவான். "ஓம் மாமி. நோன்புக்கு முதல் ஓடு ஏறிடும்," என்றேன்.

அது நோன்பு மாரிக்குள் வந்து விழுந்த வருடம். கலியாணமும் நோன்புக்கு முன்னே என்று முடிவானது. ஓட்டுக்குச் சொல்லியிருந்தோம். அந்தச் சண்டைக் காலத்தில் பாதை இன்று திறக்கும், நாளை மூடும். ஓட்டு லொறி எந்தச் சந்தியில் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. கடைசியில், ஓட்டுக்கென்று அளந்து அடித்த மரச் சிலாகைகளின் மேல் கிடுகை வேய்ந்தோம். தம்பிலுவில் பக்கத்திலிருந்து வந்த நல்ல கிடுகு. ஆனாலும் கிடுகு கிடுகுதான்.

முந்திய ஒரு கேக்

இதில் கேக் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள்.

குவைத்திலிருந்த ஒரு பெரியம்மாவின் மகள் தன் கலியாணப் படம் அனுப்பியிருந்தாள். அதில் கோட்டை மாதிரி ஒரு கேக். ஜெஸீமா அந்தப் படத்தைக் கொஞ்ச நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்தாள். பிறகு என்னிடம் வந்து, "காக்கா, எனக்கு கோட்டை வேணாம். நம்மட ஊட்ட மாதிரி ஒரு கேக் வேணும்," என்றாள். நகை கேட்கவில்லை, சாரி கேட்கவில்லை. மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

கேக் என்றாலே எனக்கு நடுக்கம். சின்ன வயதில் ஒரு சுன்னத்துக் கலியாணத்துக்காக பேக்கரியிலிருந்து கேக் ஒன்றை சைக்கிள் ஹேண்டிலில் பையோடு தொங்கவிட்டு வந்தேன். சாய்ந்தமருதுக்கு வந்து பையைத் திறந்தால் உள்ளே கேக் இல்லை. மஞ்சள் மா மாதிரி ஏதோ இருந்தது. அதை எல்லோரும் கரண்டியால் தின்றார்கள். சுன்னத்து முடிந்த பையன் மட்டும், "கேக் எங்க?" என்று அழுதுகொண்டே இருந்தான். அவன் எதற்கு அழுதான் என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம்.

கிடுகு பின்னத் தெரியாது

அன்று பாண்டிருப்பிலிருந்து வீட்டுக்கு வந்த நேரத்திலிருந்து எனக்கு ஒரே யோசனை. கலியாணத்தன்று வீட்டின் நடு மண்டபத்தில் கேக்கை வைப்போம். மேலே அண்ணாந்து பார்த்தால் கிடுகு. கீழே குனிந்து பார்த்தால் ஓடு. மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள்? 'மாவில போட்டவனுக்கு மண்ணில போட முடியல்ல' என்பார்கள். நான் மறந்திருந்தாலும் கேக் அவர்களுக்கு ஞாபகப்படுத்தும். சபையில் கொடுத்த வாக்கு நடு மேசையில் பூ வைத்து நிற்கும்.

ஜெஸீமாவுக்குச் சொல்லாமல் மறுபடியும் பாண்டிருப்புக்குப் போனேன்.

றோஸ் அக்கா என்னை உள்ளே கூப்பிட்டு ஒரு சுளகைக் காட்டினார். வெள்ளைத் துணி விரித்த சுளகில், விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய சீனி ஓடுகள் வரிசை வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. மரக்கரண்டியின் பிடியில் வைத்து வளைத்தெடுத்தாராம். ஒவ்வொன்றின் முதுகும் வளைந்து, அச்சு அசல் ஓடு.

"அக்கா, இத கிடுகா மாத்தலாமா?"

அவர் ஒரு ஓட்டைத் திருப்பி வைத்தார். "தம்பி, சீனியில கிடுகு பின்ன எனக்குத் தெரியாது. பின்னினாலும் அது குப்பை மாதிரித்தான் இரிக்கும். கலியாணக் கேக்குக்கு மேல ஆரும் குப்பை வைப்பாங்களா?"

"எங்கிட ஊட்டில இன்னும் கிடுகுதான் அக்கா. ஓடு வரல்ல. மாப்பிள்ளை பகுதியார் பாத்தா…"

"தங்கச்சி எல்லாம் சொன்னவ."

"எப்ப?"

"அண்டைக்கு நீங்க பூனையக் கலைக்கப் போனீங்களே, அப்ப. எங்கிட காக்கா இந்த ஊட்ட முடிச்சிப் பாக்க எவ்வளவு ஆசைப்பட்டவர், கேக்கிலயாவது முடிஞ்ச ஊட்டப் பாக்கட்டும் எண்டு சொன்னவ."

நான் சுளகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அக்கா தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வந்த காரியத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல் திரும்பி வந்தேன். கவலை போகவில்லை. ஆனால் வேறு மாதிரி ஆகிவிட்டது.

கம்பியோடு ஒரு சிப்பாய்

கலியாணத்துக்கு முந்திய நாள் காலை, கேக் எடுக்க இஸ்மாயில் காக்காவின் வாடகைக் காரில் போனேன். றோஸ் அக்கா கேக்கைப் பலகையோடு என் மடியில் வைத்தார். வைக்கும்போதே சொன்னார்: வெயில் படப்படாது, அடுப்புப் பக்கம் வைக்கப்படாது, பிரிஜ்ஜுக்குள்ளயும் வைக்கப்படாது, வேர்த்துப் போகும். எறும்பு வராம மேசைக் காலைத் தண்ணி டின்னில வைங்க. தண்ணி மட்டும் படவே படாது.

"உள்ளுக்கு ரிச் கேக். அது எத்தின நாளும் இரிக்கும். வெளிய சீனி. ஒரு துளி பட்டாலும் ஓட்டம் புடிக்கும்," என்றார்.

கார் புறப்பட்டது. நான், "மெதுவா காக்கா, மெதுவா" என்றேன். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும் சொன்னேன்.

"நீ கேக்கப் புடி. நான் பாதையப் புடிக்கிறன்," என்றார் இஸ்மாயில் காக்கா. "இதவிட மெதுவாப் போனா நம்மள பின்னால வாற ஆடு முந்தும்."

கல்முனை நுழைவில் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும். நான் பலகையை ஏந்திக்கொண்டு நடந்தேன். முன்னால் ஒரு மணல் ட்ரக்டர். சிப்பாய் ஒருவன் நீளமான இரும்புக் கம்பியால் மணலைக் குத்திக் குத்திப் பார்த்தான். நெல் மூட்டை, மணல், வைக்கோல், எதையும் அந்தக் கம்பி விடாது. அடுத்தது நான்.

யா றப்பே, இந்த வீட்டின் நடுவில் கம்பி இறங்கப் போகிறது என்று நினைத்தேன். கையில் இருந்ததை அவனுக்கு முன்னால் நீட்டி, "கேக் மஹத்தயா, கேக்," என்றேன். எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான்.

அவன் கேக்கை மூடியிருந்த காகிதத்தை விலக்கினான். கம்பியை மணல் மூட்டைச் சுவரில் சாய்த்து வைத்தான். குனிந்து தூணைப் பார்த்தான், பச்சைக் கதவைப் பார்த்தான். ஒரு விரலைக் கூரைக்கு மிக அருகே கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினான்.

"உளு!" என்றான் சிரித்துக்கொண்டு. சிங்களத்தில் ஓடு.

பக்கத்துச் சாவடியில் இருந்தவனையும் கூப்பிட்டுக் காட்டினான். இருவரும் சிரித்துக்கொண்டு எங்களைப் போகவிட்டார்கள். காருக்குள் ஏறியதும் இஸ்மாயில் காக்கா, "பாத்தியா, ஆமிக்காரனுக்கும் புடிச்சிரிக்கி," என்றார். நான் காகிதத்தை மறுபடி மூடினேன். அவன் கண்ணுக்கும் முதலில் ஓடுதானே பட்டது.

நுளம்பு வலைக்குள் ஒரு வீடு

கேக்கை மண்டபத்து மேசையில் வைத்தோம். மேசைக் கால் ஒவ்வொன்றுக்கும் பால்மா டின்னில் தண்ணீர். அடுப்படியில் வட்டிலப்பம் அவிகிற ஆவி வருகிறதென்று அந்தப் பக்கத்துக் கதவைச் சாத்தினேன். பிறகு காற்றில்லாமல் கேக் வேர்க்குமோ என்று திறந்தேன். பிறகு ஈ, இலையான் வரும் என்று நினைத்து, என் கட்டில் நுளம்பு வலையைக் கழற்றி வந்து கேக்குக்கு மேலே கட்டினேன்.

உம்மா எட்டிப் பார்த்தார். "புள்ளப் பெத்த ஊடு மாதிரி இரிக்கி," என்றார்.

ஜெஸீமா கையில் மருதோன்றியோடு வந்து வலைக்குள் தலையை விட்டுப் பார்த்தாள். நீண்ட நேரம் பார்த்தாள்.

"காக்கா, தூண் கொஞ்சம் தடிச்சிப் போச்சி."

"நம்மட ஊட்டிலயும் தடிப்புத்தானே. மேசன் சீமெந்த அள்ளி அள்ளிப் பூசினது."

"ஓம் என்ன!" என்று சிரித்தாள். "நீங்க பயப்புடாதங்க காக்கா. ஒண்ணும் நடக்காது. நடந்தாலும் சீனிதானே."

அவளுக்குச் சீனிதான்.

காவினும் மழையும்

காவின், அதாவது நிக்காஹ், எழுதுவது மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, பள்ளிவாசலில். வாப்பா இல்லாததால் நான்தான் பெண்ணின் 'வலி', அவளைக் கட்டிக் கொடுக்கிற பொறுப்பாளி. நவாஸின் கையைப் பிடித்துக்கொண்டு நான் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டும். கையைப் பிடித்தேன். அந்த நேரம் பள்ளித் தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன.

எனக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை மறக்கவில்லை. ஆனால் மனசு வேறு வீட்டில் நின்றது. வடக்கு மூலையில் கிடுகு கொஞ்சம் மெல்லிசு. மேசை அதற்குக் கீழேயா, தள்ளியா?

நவாஸ் என் காதருகே குனிந்தார். "மச்சான், நான்தானே நடுங்கணும். ஏன் நீங்க நடுங்குறீங்க?"

காவின் முடிந்தது. கட்டிப்பிடித்து, கைகொடுத்து முசாபஹா செய்தார்கள், பேரீச்சம்பழம் பகிர்ந்தார்கள். மாப்பிள்ளையை ஊர்வலமாகக் கூட்டி வர ஆட்கள் மழை விடட்டும் என்று நின்றார்கள். நான் நிற்கவில்லை. யாருடைய குடையோ தெரியாது, வாசலில் கிடந்த ஒரு குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சத்தம் கேட்டது. டக், டக். மேசைக்கு ஒரு முழம் தள்ளி ஒழுகியது. நானும் உம்மாவும் மேசையைக் கால் டின்களிலிருந்து தூக்கி மறுபக்கம் வைத்தோம். அங்கும் ஒழுகியது. இன்னும் தள்ளினால் சுவர். உம்மா சட்டி கொண்டுவர ஓடினார்.

எனக்கு வேறு வழி தோன்றவில்லை. புதுச் சட்டையோடு மண்டபத்தின் நடுவில் நின்று, கேக்குக்கு மேல் குடையை விரித்துப் பிடித்தேன். துளி குடையில் விழுந்து ஓரத்தால் வழிந்து என் தோளில் இறங்கியது. கேக்கில் ஒரு துளி இல்லை.

அந்தக் கோலத்தில் நான் நிற்கும்போதுதான் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் உள்ளே வந்தார்கள்.

பொத்துவில் மாமி

அவர்கள் பக்கத்து வீட்டில் காத்திருந்தவர்கள். மழையில் முக்காட்டை இழுத்துக்கொண்டு ஓடி வந்து, வாசலில் ஒருவர்மேல் ஒருவர் முட்டி நின்றார்கள். முன்னால் பொத்துவில் மாமி.

மாமி என்னைப் பார்த்தார். குடையைப் பார்த்தார். நுளம்பு வலையைப் பார்த்தார். குனிந்து சிவப்பு ஓட்டைப் பார்த்தார். பிறகு அண்ணாந்து கிடுகைப் பார்த்தார். நான் இரவு பகலாகப் பயந்த அதே வரிசையில், ஒன்று தவறாமல்.

"மகன்," என்றார், "இதுக்குத்தான் ஓடு போட்டிரிக்கே. பிறகேன் குடை?"

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒருத்தி, மாமியின் மதினி, "ஓட்டு ஊடு எண்டது இதத்தானாக்கும்!" என்று சொன்னாள். சிரிப்பு இன்னும் கூடியது.

"இது சீனி மாமி," என்றேன். "நனைஞ்சா கரைஞ்சிரும்."

"அப்ப எங்கிட மகன் நனைஞ்சா?"

சிரிப்பு நின்றது. சட்டிக்குள் விழுகிற துளிச் சத்தம் மட்டும். உள் அறைக் கதவின் சீலைக்குப் பின்னால் ஜெஸீமா கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவளுடைய வளையல் சத்தமும் நின்றுவிட்டது.

"நோன்புக்கு முதல் ஏத்துறன் எண்டு நான்தான் சொன்னன் மாமி. லொறி வரல்ல. பாதை…" குடையை மடக்கவும் முடியாது, முகத்தைத் துடைக்கவும் முடியாது.

மாமி மண்டபத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சுவரைத் தட்டிப் பார்த்தார். கிடுகு விலகியிருந்த ஒரு இடத்தில் நின்று மேலே பார்த்தார்.

"சிலாகை ஓட்டுக்குத்தான் அடிச்சிரிக்கி," என்றார் மதினியிடம். "பாரு, இடைவெளியப் பாரு. கிடுகுக்கு ஆரும் இவ்வளவு நெருக்கி அடிக்க மாட்டாங்க."

மதினி மேலே பார்த்தாள்.

அந்த நேரம் வாசலில் பைத்துப் பாட்டுச் சத்தம். மழை விடாததால் பொறுமை போய், மாப்பிள்ளையை மழையிலேயே கூட்டி வந்துவிட்டார்கள். நவாஸ் உள்ளே வந்தார். தொப்பியிலிருந்து தண்ணீர் மூக்கு நுனியில் இறங்கியது. வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டிக் கிடந்தது. கழுத்து மாலையின் காகிதப் பூ சாயம் விட்டு, நெஞ்செல்லாம் ரோஸ் நிறம்.

மாமி மகனை மேலும் கீழும் பார்த்தார். தோளைத் தொட்டார். கன்னத்தைத் தடவினார்.

"நனைஞ்சிரிக்கான்," என்றார் சபைக்கு. "கரையல்ல."

இந்த முறை வந்த சிரிப்பு வேறு சிரிப்பு. இஸ்மாயில் காக்கா வாசலில் நின்று எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். என்ன நடந்ததென்று புரியாமல் நவாஸும் சிரித்தார். நான் சிரித்தேனா என்று ஞாபகமில்லை. குடை மட்டும் ஆடியது.

ஜெஸீமாவைக் கூட்டி வந்து மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். யாரோ ரிப்பன் கட்டிய கத்தியைக் கொண்டுவந்து நீட்டினார்கள். ஜெஸீமா அதை வாங்கி, கூரைக்கு மேலே பிடித்து, அப்படியே நின்றாள். உம்மாவின் முகமும் வாடிவிட்டது. குடிபுகுகிற நாளில் வீட்டின்மேல் கத்தி வைப்பதா? கேக்குக்குச் சொன்ன நாளிலிருந்து எத்தனையோ கவலைப்பட்ட எனக்கு இந்த ஒரு கவலை மட்டும் வரவேயில்லை. இலையானுக்குப் பயந்தேன், எறும்புக்குப் பயந்தேன். வெட்ட வேண்டும் என்பதை நினைக்கவே இல்லை.

"கத்தி என்னத்துக்கு மகள்?" என்றார் மாமி. அவள் கையிலிருந்து அதை வாங்கி அப்பால் வைத்தார். "ஊட்டுக்கு ஆராவது கத்தி வைப்பாங்களா?"

வலையை விலக்கினார். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, கூரையின் ஓரத்திலிருந்து ஒரு ஓட்டை மெல்லக் கழற்றினார். அது உடையாமல் வந்தது. முதலில் மதினியைக் கூப்பிட்டார்.

"இந்தா, நீதானே ஓட்டு ஊட்டப் பத்திப் பேசினது. வாயத் திற."

மதினி வெட்கத்தோடு வாயைத் திறந்தாள். அடுத்ததை மகனுக்கு, அடுத்ததை ஜெஸீமாவுக்கு. பிறகு தன் ஊர்ப் பெண்களுக்கு ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றிக் கொடுத்தார். பிள்ளைகள் கை நீட்டிக்கொண்டு நெருங்கினார்கள். மண்டபம் முழுக்க நறநறவென்று கடிக்கிற சத்தம். மழைச் சத்தமும் அதுவும் ஒன்றாகிவிட்டது.

"எல்லாருக்கும் ஓடு கெடச்சிட்டா?" என்று கேட்டார் மாமி.

"ஓம், ஓம்," என்றார்கள் வாய் நிறைந்தபடி.

"நல்லாத் தின்னுங்க. நம்மிட ஓடு வந்து சேந்திட்டு. இனி ஆரும் இந்த ஊட்டில ஓட்டக் கேக்கப்படா."

கூரையில் கடைசியாக இருந்ததைக் கழற்றி என் வாயில் வைத்தார். கல் மாதிரி இருந்தது. கடிக்கவில்லை, கன்னத்தில் அடக்கிக்கொண்டேன். கூரை இல்லாத வீட்டுக்குள்ளிருந்து ரிச் கேக்கின் கறுவாப்பட்டை வாசம் எழும்பியது.

"இனிக் குடைய மடக்குங்க மகன்," என்றார்.